செண்பகராமன் பிள்ளையின் அஸ்தி (1934–1966): இறுதி விருப்பமும் எச்சத்தின் மீதான உரிமையும்

ஆய்வுச் சுருக்கம்

விடுதலைப் போராளி செண்பகராமன் பிள்ளை 1934ஆம் ஆண்டு மே மாதம் பெர்லினில் மறைந்தார். தம் அஸ்தியின் ஒரு பகுதியைக் கரமனை ஆற்றில் கரைக்கவேண்டும், எஞ்சியதை நாஞ்சில் நாட்டு வயல்களில் தூவவேண்டும் என்பது அவருடைய இறுதி விருப்பம். மனைவி இலட்சுமிபாய் 1935இல் அஸ்தியை இந்தியாவுக்குக் கொண்டுவந்து பல்லாண்டுகள் பாதுகாத்தார். 1966 செப்டம்பரில் இந்தியக் கடற்படையின் ‘டெல்லி’ போர்க்கப்பல் அதனைப் பம்பாயிலிருந்து கொச்சிக்குச் சுமந்து சென்றது. எரியூட்டலுக்குப்பின் எஞ்சுவதன்மீது முடிவெடுக்கும் உரிமை யாருக்கு உரியது என்னும் வினாவை இந்நிகழ்வின்வழி இக்கட்டுரை ஆராய்கிறது. இறந்தவரின் சொல், உறவின் காவல், அரசின் மரியாதை ஆகிய மூன்றும் இதில் ஒன்றையொன்று சார்ந்தும் முரண்பட்டும் இயங்குகின்றன என்பதையும், நடுவிலுள்ள ‘காவல்’ என்னும் செயலே வரலாற்றெழுத்தில் மிகக் குறைவாகக் கவனிக்கப்பட்டுள்ளது என்பதையும் கட்டுரை நிறுவ முயல்கிறது.

திறவுச்சொற்கள்: செண்பகராமன் பிள்ளை, இலட்சுமிபாய், அஸ்தி, ஈமச்சடங்கு, நாஞ்சில் நாடு, புதுச்சேரி, இறுதி விருப்பம்.

1. முன்னுரை

ஈமச்சடங்குகள் குறித்துத் தமிழில் நிகழ்ந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் எரியூட்டல் அல்லது புதைத்தல் என்னும் செயலோடு நின்றுவிடுகின்றன. தாழி, கல்திட்டை, நடுகல், பள்ளிப்படை, ஒப்பாரி ஆகியவை விரிவாக ஆராயப்பட்டுள்ளன. தீ அணைந்தபின் கலயத்தில் சேர்க்கப்படும் எலும்பும் சாம்பலும் என்ன ஆகின்றன, அதனை முடிவுசெய்பவர் யார் என்பன தனி வினாக்களாக எழுப்பப்படுவது அரிது. மரபு விடையை முன்னரே வைத்திருப்பதாக நாம் கருதுவதே இதற்குக் காரணம் எனலாம். மூத்த மகன் எலும்பு பொறுக்குவான், அருகிலுள்ள ஆற்றிலோ கடலிலோ கரைப்பான் என்பது அவ்விடை. இறப்பு ஊரைவிட்டு வெகுதொலைவில் நிகழும்போது இவ்விடை போதாமற் போகிறது.

இவ்வினா கட்டுரையாளருக்கு ஏட்டறிவாக மட்டும் வந்ததன்று. லாஸ்பேட்டையில் பிறந்து, பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றிப் பாரிசின் புறநகரொன்றில் வாழ்ந்த பெரியப்பா அங்கேயே மறைந்து, அங்கேயே எரியூட்டப்பட்டார். அஸ்தியைச் சங்கராபரணி ஆற்றில் கரைக்கவேண்டும் என்றார் பெரியம்மா. தந்தையை நினைத்துச் சென்று நிற்பதற்கு அங்கே ஓர் இடம் வேண்டும் என்றனர் பிள்ளைகள். பாதியைக் கொண்டுசெல்லலாம், பாதியை அங்கேயே வைக்கலாம் என்னும் இணக்கத்திற்கு அந்நாட்டுச் சட்டம் இடந்தரவில்லை. யாரும் யாரையும் குறைசொல்ல இயலாத அந்தச் சில வாரங்கள், எச்சத்தைப் பற்றிய முடிவு எத்தனை உரிமைகளின் சந்திப்பு என்பதை உணர்த்தின. அதன்பின் தமிழக விடுதலைப் போராட்ட வரலாற்றை வாசிக்கையில், செண்பகராமன் பிள்ளையின் அஸ்தியைப் பற்றிக் கூறும் சில வரிகள் வேறுவகையாகப் பொருள்பட்டன. இக்கட்டுரை அவ்வாசிப்பின் விளைவாகும்.

2. தமிழ் மரபில் எச்சம்: நிறுத்தலும் கரைத்தலும்

மணிமேகலையின் சக்கரவாளக் கோட்டம் உரைத்த காதை, இறந்தோரைக் கையாளும் முறைகள் ஐந்தினைத் தொகுத்துரைக்கிறது. சுடுதல், வெளியில் இட்டுவிடுதல், குழிதோண்டிப் படுத்தல், நிலவறையில் வைத்து அடைத்தல், தாழியால் கவித்தல் என்பன அவை. ஒரே நகரின் புறங்காட்டில் இவ்வைந்தும் ஒருங்கே நிகழ்ந்ததாகக் காப்பியம் காட்டுவது குறிப்பிடத்தக்கது. முறை ஒன்றே என்னும் கருத்து பண்டைத் தமிழகத்திற்கு உரியதன்று என்பதை இது உணர்த்துகிறது.

புறநானூற்றிலும் இப்பன்மையைக் காணலாம். சோழன் நலங்கிள்ளிக்கும் கிள்ளிவளவனுக்கும் உரிய பாடல்களை உள்ளடக்கிய அத்தொகையில், கிள்ளிவளவன் மறைந்தபோது ஐயூர் முடவனார் குயவனை விளித்துப் பாடிய 228ஆம் பாடல் தாழியைப் பற்றியது. 256ஆம் பாடலில் கணவனை இழந்த பெண்ணொருத்தி, தனக்கும் சேர்த்துத் தாழியை அகலமாக வனையுமாறு குயவனை வேண்டுகிறாள். அதியமானின் ஈமத்தீயைப் பாடும் ஔவையாரின் 231ஆம் பாடலோ எரியூட்டலைச் சார்ந்தது. உடல் எவ்வாறாயினும் புகழ் அழியாது என்பது அப்பாடலின் கருத்து. இவற்றுள் 256ஆம் பாடல் நம் வினாவுக்கு நெருக்கமானது. எச்சம் இருக்கும் கலத்தின் அளவைப் பற்றி அங்கே பேசுபவள் மனைவி.

புதுச்சேரிப் பகுதியே இம்மரபின் தொல்லியற் சான்றுகளை மிகுதியாகக் கொண்டது. ழான் மரி கசால், ழெனெவியேவ் கசால் ஆகிய இருவரும் வீராம்பட்டினத்தை ஒட்டிய நகரிடத்தையும் முத்திரப்பாளையம், சுத்துக்கேணி ஆகிய ஈமக்களங்களையும் அகழ்ந்து, தம் முடிவுகளை 1956இல் பாரிசில் நூலாக வெளியிட்டனர். லாஸ்பேட்டையிலிருந்து ஒரு நாளில் சென்று திரும்பத்தக்க தொலைவிலேயே இக்களங்கள் உள்ளன. பெருங்கற்காலத்து ஈமக்களங்கள் பலவற்றில் உடல் முழுமையாக வைக்கப்படாமல், வேறிடத்தில் சதை நீங்கியபின் சேர்த்தெடுத்த எலும்புகள் இரண்டாம் முறையாக அடக்கம் செய்யப்பட்டுள்ளன. இறப்புக்கும் இறுதி இடத்துக்கும் நடுவே ஒரு காலஇடைவெளி இருந்தது, அவ்விடைவெளியில் எச்சத்தை யாரோ பொறுப்பேற்றுக் காத்தனர் என்பதே இதன் பொருள்.

பிற்காலத்தில் எரியூட்டல் பல சமூகங்களில் நிலைபெற்றபின், எச்சத்தை ஓரிடத்தில் நிறுத்துவதைவிட நீரில் கரைப்பதே முதன்மை பெற்றது. தீயைப் பாலும் நீரும் தெளித்து ஆற்றுவதால் ‘காடாற்று’ என்றும், எலும்பைத் திரட்டுவதால் ‘சஞ்சயனம்’ என்றும் வழங்கும் சடங்கில் எலும்புகள் கலயத்தில் சேர்க்கப்படுகின்றன. கரைக்குமிடம் ஊருக்கு ஊர் வேறுபடும். காவிரிக் கரையினர் காவிரியையும், கடற்கரையினர் கடலையும், இயன்றவர் இராமேசுவரத்தையோ காசியையோ நாடுவர். புதுவை மக்களுக்குச் சங்கராபரணிக் கரையிலுள்ள திருக்காஞ்சி சிறப்புடையது. தந்தையின் அஸ்தியைச் சுமந்து வந்த ஒருவர் அங்குத் தங்கியபோது அது மலராக மாறியது என்பது அத்தலத்தின் புராண மரபு. காசியைவிட வீசம் மிகுந்த தலம் என்னும் வழக்கும் அதனையொட்டியே எழுந்தது. பக்தியைக் கடந்து நோக்கினால், இத்தொன்மம் ஒரு நடைமுறைச் சிக்கலுக்கு விடை கூறுகிறது. தொலைவில் உள்ள புனித நீர்வரை செல்ல இயலாத குடும்பத்திற்கு, அருகிலுள்ள ஆறே போதும் என்னும் இசைவை அது வழங்குகிறது.

ஆகவே தமிழ் மரபில் இரு விழைவுகள் உள்ளன. ஒன்று, எச்சத்திற்கு ஓர் இடம் அமைத்தல். மற்றொன்று, எச்சத்தை எவ்விடத்திற்கும் உரியதாகாமல் கரைத்துவிடுதல். முன்னதை ‘நிறுத்தல்’ என்றும் பின்னதைக் ‘கரைத்தல்’ என்றும் இக்கட்டுரை குறிக்கிறது.

3. செண்பகராமன் பிள்ளை: வாழ்வின் சுருக்கம்

செண்பகராமன் பிள்ளை 1891 செப்டம்பர் 15ஆம் நாள் திருவனந்தபுரத்தில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்தார். பெற்றோர் சின்னசாமிப் பிள்ளையும் நாகம்மாளும் ஆவர். குடும்பத்தின் வேர் நாஞ்சில் நாட்டில் இருந்தது. இளமையிலேயே, சர் வால்டர் ஸ்ட்ரிக்லண்ட் என்னும் ஆங்கிலேய உயிரியலறிஞரின் துணையோடு 1908இல் ஐரோப்பா சென்றார். அதே 1908இல்தான் பாரதியார் ஆங்கில ஆட்சியின் எல்லையைக் கடந்து புதுச்சேரிக்கு வந்தார் என்பது நினைவுகூரத்தக்கது. தமிழரின் அரசியல் புகலிட வாழ்வு ஒரே ஆண்டில் இரு திசைகளில் தொடங்கியது. ஒன்று ஊருக்கு அருகே பிரெஞ்சுக் கொடியின்கீழ், மற்றொன்று கடல்கடந்து.

சூரிச் நகரில் பொறியியல் பயின்ற செண்பகராமன், முதல் உலகப்போர் மூண்ட 1914இல் அங்கு இந்திய விடுதலைக்கு ஆதரவான பன்னாட்டுக் குழுவொன்றை அமைத்தார். பின்னர் பெர்லின் சென்று, அங்கு இயங்கிய இந்தியப் புரட்சியாளர் குழுவில் முதன்மை இடம் பெற்றார். 1915 டிசம்பர் 1ஆம் நாள் காபூலில் அறிவிக்கப்பட்ட இந்தியத் தற்காலிக அரசில் மகேந்திர பிரதாப் தலைவராகவும், பரக்கத்துல்லா தலைமை அமைச்சராகவும், செண்பகராமன் வெளியுறவு அமைச்சராகவும் குறிக்கப்பெற்றனர். 1931இல் மணிப்பூரைச் சேர்ந்த இலட்சுமிபாயை மணந்தார். நாஜிகள் ஆட்சிக்கு வந்த மறு ஆண்டில், 1934 மே மாதம், பெர்லினில் உயிர் துறந்தார்.

அவரைக் குறித்த பொதுநினைவில் மிகவும் வலுவானது எம்டன் கதை. 1914 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு சென்னைத் துறைமுகத்தைத் தாக்கிய அந்த ஜெர்மானியக் கப்பலில் செண்பகராமன் இருந்தார் என்பது தமிழகத்தில் பரவலான நம்பிக்கை. எம்டன் 1914 ஆகஸ்டில் சீனக் கடற்கரையிலுள்ள சிங்டாவை நடுவாகக் கொண்ட படைப்பிரிவிலிருந்து பிரிந்து இந்தியப் பெருங்கடலுக்கு வந்த கப்பல். அக்காலத்தில் செண்பகராமன் ஐரோப்பாவில் செயற்பட்டுக்கொண்டிருந்தார். இரு செய்திகளையும் அருகருகே வைத்தால் இந்நம்பிக்கை நிலைபெறுவது கடினம். எனினும் இதனை வெறும் பிழையென ஒதுக்குவதில் பயனில்லை. ஊர் திரும்ப இயலாதுபோன ஒருவரை ஊரின் கரைவரை கொண்டுவந்து சேர்க்க மக்கள் நினைவு செய்த முயற்சியாக இதனைக் காணலாம். உண்மையில் அவர் ஒரு போர்க்கப்பலில்தான் தாயகக் கரையை நெருங்கினார். அது எம்டனன்று, ஆண்டும் 1914 அன்று.

4. இறுதி விருப்பத்தின் அமைப்பு

செண்பகராமனின் வாழ்க்கை வரலாறுகள் குறிக்கும் இறுதி விருப்பம் இரு பகுதிகள் கொண்டது. திருவனந்தபுரத்தின் வழியே ஓடும் கரமனை ஆற்றில் ஒரு பகுதி. நாஞ்சில் நாட்டு வயல்களில் மறுபகுதி. முன்னது பிறந்த ஊரின் நீர். பின்னது மூதாதையர் நிலம். ஆற்றில் கரைத்தல் மரபோடு முற்றிலும் பொருந்துவது. வயலில் தூவுதல் அத்தகையதன்று.

வேளாண் வாழ்வில் சாம்பல் புதியதன்று. அடுப்புச் சாம்பலை நாற்றங்காலில் தூவுவது உழவர் வழக்கம். ஆயினும் ஈமச்சாம்பல் தீட்டுக்குரியது. அதனை உணவு விளையும் நிலத்தில் இடுவது பெரும்பான்மை வழக்கத்திற்கு அயலானது. ஆகவே இவ்விருப்பத்தின் இரண்டாம் பகுதி, பற்றையும் மறுப்பையும் ஒருசேரக் கொண்டது. மண்ணோடு சேரவேண்டும் என்பது பற்று. உடலின் எச்சம் விளைநிலத்தைத் தீண்டத் தகாதது என்னும் எண்ணத்தை ஏற்காமை மறுப்பு. மேலே குறித்த இரு விழைவுகளும் இதில் இணைகின்றன. தூவப்பட்ட சாம்பல் கரைந்துவிடுகிறது. ஆயினும் அது கரைவது பெயர் சொல்லத்தக்க ஓர் இடத்தில்.

இதே அமைப்பு இருபது ஆண்டுகளுக்குப்பின் மற்றோர் ஆவணத்தில் காணப்படுகிறது. ஜவகர்லால் நேரு 1954 ஜூன் 21ஆம் நாள் எழுதிய விருப்ப ஆவணத்தில், தம் அஸ்தியில் ஒரு பிடியை அலகாபாத்தில் கங்கையில் இடவும், பெரும்பகுதியை வானூர்தியிலிருந்து உழவர் உழைக்கும் வயல்கள்மீது தூவவும் வேண்டினார். வெளிநாட்டில் இறக்க நேர்ந்தால் அங்கேயே எரியூட்டி, அஸ்தியை அலகாபாத்திற்கு அனுப்பவேண்டும் என்றும், எப்பகுதியையும் பாதுகாத்து வைக்கலாகாது என்றும் குறித்தார். கங்கையில் இடுவதற்குச் சமயப்பொருள் இல்லை என்பதையும் தெளிவுபடுத்தினார். ஆறும் வயலும் என்னும் இந்த இணை இருவரிடமும் தோன்றுவதால், ஒன்றிலிருந்து மற்றொன்று பிறந்தது என்று இக்கட்டுரை வாதிடவில்லை. சடங்கின் நம்பிக்கையிலிருந்து விலகி, நாட்டின் நிலத்தோடு உறவு கொண்டாடிய ஒரு தலைமுறையின் பொதுவான மொழியாக அதனைக் கருதுவதே தகும்.

வேறுபாடும் உண்டு. நேருவின் விருப்பம் எழுத்தில் உள்ளது. அதனை நிறைவேற்ற ஓர் அரசு காத்திருந்தது. 1964 மே 27இல் அவர் மறைந்தபின், ஜூன் மாதத்திற்குள் ஆற்றுக்குரியது ஆற்றுக்கும் வயலுக்குரியது வயலுக்கும் சேர்ந்துவிட்டது. அப்போதும் சமயச்சடங்கு வேண்டாம் என்னும் அவர் சொல் முழுமையாகக் காக்கப்படவில்லை. செண்பகராமனின் விருப்பமோ அயல்மண்ணில் உடனிருந்த மனைவியின் பொறுப்பில் விடப்பட்டது. அவ்விருப்பம் நம்மை வந்தடைந்ததும் அவர்வழியே ஆகும்.

5. இலட்சுமிபாயின் காவல்

செண்பகராமன் மறைந்த அதே மாதத்தில், 1934 மே 15ஆம் நாள், ஜெர்மனியில் எரியூட்டல் சட்டம் இயற்றப்பட்டது. அடக்கமுறையை இறந்தவரின் விருப்பமே முடிவு செய்யவேண்டும் என்று கூறிய அச்சட்டம், சாம்பலை மூடிய கலத்தில் வைத்து அதற்கென அமைந்த ஈமவளாகத்திலேயே சேர்க்கவேண்டும் என்றும் விதித்தது. எரிவதற்குமுன் உடல்மீது இறந்தவர் சொல்லுக்கு மதிப்பு. எரிந்தபின் எச்சத்தின்மீது அரசின் ஒழுங்கு என்பது அதன் போக்கு. தம் விடுதலைக்கு ஒத்துழைத்த நாட்டிலேயே ஐயத்திற்குரியவராகிவிட்ட ஒருவரின் அஸ்தியை, அத்தகைய காலத்தில் அவர் மனைவி அங்கிருந்து எடுத்து வந்தார்.

1935இல் இலட்சுமிபாய் அஸ்தியோடு இந்தியா வந்து பம்பாயில் வாழ்ந்தார். அங்கிருந்து கரமனை ஆறு எட்டாத தொலைவில் இல்லை. தொடர்வண்டியில் சென்று கரைத்திருக்க இயலும். அவ்வாறு செய்யாமல் முப்பது ஆண்டுகளுக்கு மேல் அவர் ஏன் காத்தார் என்னும் வினா இங்கு எழுகிறது. விடுதலை பெற்ற நாட்டில், அந்நாட்டின் மரியாதையோடு அது நிகழவேண்டும் என்னும் எதிர்பார்ப்பே காரணம் எனக் கொள்வது பின்னிகழ்வுகளோடு பொருந்துகிறது. அவ்வாறாயின், 1947உடன் காத்திருப்பு முடிந்திருக்கவேண்டும். அதன்பின்னும் பத்தொன்பது ஆண்டுகள் கழிந்தன. விடுதலை வந்தது, அரசு வரவில்லை.

மரபின் ஒழுங்கில் இதனை வைத்துப் பார்க்கவேண்டும். பல சமூகங்களில் பெண்கள் சுடுகாடு செல்வதில்லை. தீயிடுதலும் எலும்பு பொறுக்குதலும் ஆணுக்குரியன. எச்சத்தை நெடுநாள் வீட்டில் வைத்திருத்தல் தகாது என்பதும் பொதுவான கருத்து. இம்மூன்று எல்லைகளையும் இலட்சுமிபாய் கடந்தார். அவர் எச்சத்தை நிறுத்தவுமில்லை, கரைக்கவுமில்லை. இரண்டுக்கும் நடுவே வைத்துக் காத்தார். பெருங்கற்கால மக்கள் எலும்பைத் திரட்டும்வரை காத்த இடைவெளியை இது நினைவூட்டுகிறது. தாழியை அகலமாக்கக் கேட்ட புறநானூற்றுப் பெண்ணின் சொல், எச்சத்தின்மீது மனைவி கொண்ட உரிமையின் பழஞ்சான்று என்றால், இலட்சுமிபாயின் காவல் அதன் இக்கால வடிவம் எனலாம். எனினும் செண்பகராமனின் வரலாறுகளில் இம்முப்பதாண்டு ஒரு தொடருக்குள் அடங்கிவிடுகிறது. இலட்சுமிபாய் 1972இல் மறைந்தார்.

காவலின் தன்மையை உணர மற்றொரு நிகழ்வோடு ஒப்பிடலாம். ‘இந்தியா ஹவுஸ்’ நிறுவிய சியாம்ஜி கிருஷ்ணவர்மா 1930 மார்ச் 30இல் ஜெனீவாவில் மறைந்தார். தம் அஸ்தியையும் தம் மனைவி பானுமதியின் அஸ்தியையும் அந்நகரின் கல்லறைத் தோட்டமொன்றில் பாதுகாக்க அவர் முன்கூட்டியே பணம் செலுத்தி ஏற்பாடு செய்திருந்தார். விடுதலைக்குப்பின் அவற்றைத் தாயகம் சேர்க்கவேண்டும் என்பது அவர் வேண்டுகோள். 2003 ஆகஸ்டில், எழுபத்து மூன்று ஆண்டுகள் கழித்து, அவை குஜராத் வந்தன. அங்கே காவல் ஒரு நிறுவனத்தின் பணி, ஒப்பந்தத்தால் ஆனது. இங்கே காவல் ஒரு மனுஷியின் வாழ்நாள். நிறுவனம் காத்ததற்குப் பதிவேடு உண்டு. வீட்டில் காத்ததற்கு அத்தகைய பதிவேடு எழுதப்படுவதில்லை. வரலாற்றெழுத்தின் மௌனம் இவ்வேறுபாட்டிலிருந்தே தொடங்குகிறது.

6. 1966: போர்க்கப்பலும் அதன்பின்னும்

1966 செப்டம்பரில் ‘டெல்லி’ கப்பல் அஸ்தியைப் பம்பாயிலிருந்து கொச்சிக்குக் கொண்டுவந்தது. இக்கப்பலின் முன்வரலாறு கருதத்தக்கது. ‘அக்கிலீஸ்’ என்னும் பெயரில் பிரித்தானியக் கடற்படைக்கெனக் கட்டப்பட்ட இது, 1939 டிசம்பரில் தென்னமெரிக்கக் கடற்பகுதியில் ‘கிராப் ஸ்பீ’ என்னும் ஜெர்மானியப் போர்க்கப்பலை எதிர்த்த அணியில் இருந்தது. 1948இல் இந்தியாவிற்கு வழங்கப்பட்டு ‘டெல்லி’ ஆயிற்று. பிரித்தானியரை வெல்ல ஜெர்மனியின் துணையை நாடியவரின் எச்சம், ஜெர்மனியோடு போரிட்ட முன்னாள் பிரித்தானியக் கப்பலில் தாயகம் வந்தது. புதிய அரசு தன் மரியாதையைச் செலுத்தப் பழைய பேரரசு விட்டுச்சென்ற கருவிகளே கையிலிருந்தன என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இடமும் மாறியிருந்தது. 1934இல் கரமனை ஆறும் நாஞ்சில் நாடும் திருவிதாங்கூர் என்னும் ஒரே நாட்டில் இருந்தன. 1956 நவம்பர் 1ஆம் நாள் நடைமுறைக்கு வந்த மொழிவழி மாநிலச் சீரமைப்பில் நாஞ்சில் நாடு கன்னியாகுமரி மாவட்டத்தின் பகுதியாகச் சென்னை மாநிலத்தோடு இணைந்தது. கரமனை கேரளத்தில் நின்றது. ஒருவரின் ஒற்றை விருப்பம் இரு மாநிலங்களுக்குரியதாயிற்று. அவ்வேளையில் கேரளம் குடியரசுத் தலைவர் ஆட்சியின்கீழும், சென்னை மாநிலம் பக்தவத்சலம் தலைமையிலான அரசின்கீழும் இருந்தன. ஆற்றையும் வயலையும் ஒருங்கே நினைத்தவரின் மனத்தில் இருந்த நாடு, அவர் அஸ்தி வந்தபோது வரைபடத்தில் இல்லை.

கொச்சிக்குப் பிந்தைய செய்திகளில் வரலாற்று நூல்கள் ஒருமித்துப் பேசவில்லை. சில கன்னியாகுமரியில் அரசு மரியாதையோடு கரைக்கப்பட்டதை மட்டும் கூறுகின்றன. வேறு சில கரமனை ஆற்றையும் நாஞ்சில் வயல்களையும் குறிக்கின்றன. கப்பலின் பெயரில் எவரும் மாறுபடவில்லை என்பதை நோக்கவேண்டும். அரசின் பங்கு தெளிவாக நினைவில் நிற்கிறது. இறந்தவரின் விருப்பம் எந்த அளவு நிறைவேறியது என்பது மங்கலாகிறது. கன்னியாகுமரி என்னும் பெயர் எளிதில் முன்னுக்கு வருவதற்கும் காரணம் உண்டு. 1948 பிப்ரவரி 12ஆம் நாள் காந்தியடிகளின் அஸ்தியின் ஒரு பகுதி அங்கே கரைக்கப்பட்டது. கலயம் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட இடத்தில் 1956இல் காந்தி மண்டபம் எழுந்தது. தேசத் தலைவரின் எச்சம் சேருமிடம் என்னும் பொருள் அக்கரைக்கு முன்னரே வாய்த்துவிட்டது. தனியொருவர் தம் ஊரின் சிற்றாற்றையும் வயலையும் கேட்டபோது, தேசம் தான் அறிந்த முக்கடலையே நினைவில் கொண்டது.

2008இல் சென்னை கிண்டியிலுள்ள காந்தி மண்டப வளாகத்தில் செண்பகராமனுக்குச் சிலை நிறுவப்பட்டது. கரைத்தல் முடிந்தபின் நிறுத்தல் தொடங்கியது எனலாம்.

7. உரிமையின் இக்கால வடிவங்கள்: புதுச்சேரியிலிருந்து ஒரு நோக்கு

செண்பகராமனின் நிலை இன்று அரிதானதன்று. 1954 நவம்பர் 1இல் புதுச்சேரி இந்தியாவோடு நடைமுறையில் இணைந்தது. 1956 மே 28இல் கையெழுத்தான ஒப்பந்தம் 1962 ஆகஸ்ட் 16இல் செயலுக்கு வந்தது. அதன்வழி பிரெஞ்சுக் குடியுரிமையைத் தேர்ந்தவர்களின் குடும்பங்கள் லாஸ்பேட்டை உள்ளிட்ட பகுதிகளுக்கும் பிரான்சுக்கும் இடையே வாழ்கின்றன. இவர்களுள் ஒருவர் அங்கே மறைந்து எரியூட்டப்படும்போது இரு வேறு ஒழுங்குகள் சந்திக்கின்றன.

இந்தியாவில் அஸ்தியைக் கையாளும் முறையைப் பெரிதும் மரபே ஆள்கிறது. பிரான்சில் 1887 நவம்பர் 15ஆம் நாள் சட்டம், தம் இறுதிச்சடங்கின் முறையைத் தாமே முடிவு செய்யும் உரிமையை வயதுவந்தோர்க்கு வழங்கியது. 2008 டிசம்பர் 19ஆம் நாள் சட்டமோ, அஸ்தியை இறந்தவரின் உடலுக்கு நிகரான மதிப்போடு நடத்தவேண்டும் என்று கூறி, அதனை வீட்டில் வைத்திருப்பதை முடிவுக்குக் கொண்டுவந்தது. அஸ்தி முழுமையாக ஏதேனும் ஒருவழியில் சேர்க்கப்படவேண்டும். கல்லறை வளாகத்தில் கலமாக வைக்கலாம். அதற்கென ஒதுக்கிய இடத்தில் தூவலாம். பொதுவழிகள் நீங்கலாக இயற்கைவெளியில் தூவி, இறந்தவர் பிறந்த ஊரின் நகராட்சிக்குத் தெரிவிக்கலாம். பகுத்தல் இயலாது.

இவ்விதிகளைச் செண்பகராமனின் நிகழ்வோடு பொருத்தினால், அதன் ஒவ்வொரு படியும் தடைபடுவதைக் காணலாம். ஆறும் வயலும் என்று பகுத்தது ஏற்கப்படாது. மனைவி வீட்டில் வைத்துக் காத்தது ஏற்கப்படாது. இச்சட்டத்தின் நோக்கத்தைக் குறைகூற இயலாது. கேட்பாரற்றுக் கிடக்கும் கலங்களும், உறவினர் பூசலில் பங்கிடப்படும் எச்சமும் அதன் பின்னணியில் உள்ளன. பகுத்தலின் மற்றொரு பக்கத்தை நம் வரலாறும் காட்டுகிறது. காந்தியடிகளின் அஸ்தி பல கலயங்களாகப் பிரிந்து நாடெங்கும் சென்றது. கட்டாக்கில் வங்கியொன்றின் காப்பறையில் தங்கிவிட்ட ஒரு கலயம் 1997 ஜனவரி 30இல்தான் அலகாபாத்தில் கரைக்கப்பட்டது. மும்பையில் மற்றொரு பகுதி 2008 ஜனவரி 30இல் கடல் சேர்ந்தது. பகுக்கப்பட்ட எச்சத்திற்கு முடிவுநாள் இருப்பதில்லை. ஆயினும் பகுக்கக்கூடாது என்னும் விதி, உயிரோடிருப்பவர்களுள் யாரேனும் ஒருவர் இழந்தே ஆகவேண்டும் என்பதையும் உறுதிசெய்துவிடுகிறது.

இடையில் சுருங்கிவிட்டது காலமும்தான். விறகுச் சிதையில் எரித்து மறுநாள் காடாற்றிய வழக்கம், லாஸ்பேட்டையை அடுத்த கருவடிக்குப்பம் போன்ற இடங்களில் எரிவாயுத் தகனத்திற்கு மாறிவருகிறது. எச்சம் விரைவில் கைக்கு வருகிறது. முடிவும் விரைவில் எதிர்பார்க்கப்படுகிறது. இலட்சுமிபாய் எடுத்துக்கொண்ட காலம் இன்று எவருக்கும் வாய்ப்பதில்லை.

8. முடிவுரை

இவ்வாய்வின்வழி மூன்று கருத்துகள் பெறப்படுகின்றன. முதலாவது, எச்சத்தைப் பற்றிய இறுதி விருப்பம் தன்னளவில் நிறைவேறுவதன்று. அதனைக் காப்பவர் ஒருவர் தேவை. எழுதப்பட்ட நேருவின் விருப்பத்திற்கும் ஓர் அரசு தேவைப்பட்டது. செண்பகராமனின் விருப்பத்திற்கு இலட்சுமிபாய் தேவைப்பட்டார். இரண்டாவது, அரசு மரியாதை செலுத்தும்போது விருப்பத்தின் நுண்மை பொதுமையாகிவிடுகிறது. கரமனையும் நாஞ்சில் வயலும் மங்கிக் கன்னியாகுமரி முன்னிற்பது அதற்குச் சான்று. மூன்றாவது, கரைத்தலையும் நிறுத்தலையும் மட்டுமே ஆராய்ந்துள்ள நம் ஈமச்சடங்கு ஆய்வுகள், இரண்டுக்கும் இடைப்பட்ட காத்தலையும் தனியே ஆராயவேண்டும். அவ்வாறு ஆராய்கையில், சடங்கிலிருந்து விலக்கப்பட்ட பெண்களின் பங்கு வெளிப்பட வாய்ப்புண்டு. புலம்பெயர் தமிழரின் குடும்பங்களில் இவ்வகைக் காவல்கள் எத்தனையோ எழுதப்படாமல் இருக்கின்றன. வாய்மொழி வரலாறாக அவற்றைத் திரட்டுவது உடனடித் தேவை.

முன்னுரையில் குறித்த பெரியப்பாவின் அஸ்தி, உரிய இசைவோடு முழுமையாகப் புதுவைக்கு வந்து திருக்காஞ்சியில் கரைக்கப்பட்டது. பெரியம்மாவின் விருப்பம் நிறைவேறியது. பிள்ளைகளுக்கு அங்கே சென்று நிற்க இடமில்லை. அஸ்தி வந்து சேர்வதற்குமுன் பதினேழு நாட்கள் அக்கலத்தின் பொறுப்பு பெரியம்மாவிடம் இருந்தது. அந்நாட்களைப் பற்றி அவரிடம் இதுவரை எவரும் கேட்கவில்லை, கட்டுரையாளர் உட்பட. இக்கட்டுரை முன்வைக்கும் ஆய்வு அக்கேள்வியிலிருந்தே தொடங்கவேண்டும்.